பாவித்த கார் வாங்குமுன்: ரொக்கெட்காரர் எண்ணுவதுபோல எண்ணுங்கள்

"அக்வா தங்கம்." "ஃபிட் என்றால் கியர் போகும்." "ஓல்ட்டோவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு." திருகோணமலையில் அநுராதபுரச் சந்தியிலிருந்து நிலாவெளி வரைக்கும் எந்தக் கராச் வாசலில் நின்றாலும் இந்தத் தீர்ப்புகள் காதில் விழும். சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. தாங்கள் கண்ட ஒன்றிரண்டு வண்டியை வைத்துச் சொல்கிறார்கள். காசைக் கட்டி வாங்கப்போகிறவருக்கு அது போதாது. 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே பத்து வயது தாண்டிய காரைத்தான் நம்மில் பலர் பார்க்கப்போகிறோம். அந்த வயதில் மொடலின் பெயரை விட, அது எங்கே நின்றது, யார் பார்த்தார், எதை மாற்றினார் என்பதே பெரிது.

இதைக் கறாராக எண்ணத் தெரிந்தவர்கள் தனியார் ரொக்கெட் ஏவுபவர்கள். அவர்களுக்கு ஒரு நட்டுப் பழுதானாலும் முழு வண்டியும் போய்விடும். அவர்களுடைய கணக்கையும் ஒழுங்கையும் அப்படியே நம் ஊர்க் காருக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உப்புக் காற்றில் இற்ற ஒரு நட்டு

ஸ்பேஸ்எக்ஸ் தன் முதல் ரொக்கெட்டான ஃபல்கன் 1ஐ 2006 மார்ச் 24 அன்று பசிபிக் கடலில் குவாஜலின் பவளத் திட்டிலுள்ள ஒமெலெக் என்ற சின்னத் தீவிலிருந்து ஏவியது. எஞ்சின் பற்றிய கையோடு எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து, எஞ்சின் நின்று, தீவுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. தேடிப் பார்த்தபோது அகப்பட்ட காரணம், எரிபொருள் குழாயில் இருந்த ஓர் அலுமினிய நட்டு. கடற்காற்றில் நின்றதில் அரிப்பு உள்ளுக்குள் ஓடி வெடித்திருந்தது. வெளியே பார்த்தால் நட்டு நட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

திருகோணமலைக்காரருக்கு இது தூரத்துக் கதையல்ல. உப்புவெளியில் கடற்கரை வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கும் அந்தத் தீவில் நின்ற ரொக்கெட்டுக்கும் காற்று ஒன்றுதான். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்புத் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த இரும்பு இரவில் நனைந்தபடிதான் இருக்கும். வைகாசி தொடக்கம் வீசும் கச்சான் தரைப்பக்கத்துக் காற்று. தூசியும் சூடும் கொண்டுவரும், உப்பைக் கொண்டுவராது. கார்த்திகைக்குப் பிறகு வாடை கடலிலிருந்து நேரே வீசும். காரைத் தின்பது அந்த மூன்று நான்கு மாதங்கள்தான்.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "எத்தனை கிலோமீற்றர் ஓடியது?" என்பதல்ல. "இரவில் எங்கே நின்றது?" என்பது. கந்தளாயில் கூரைக்குக் கீழ் நின்று ஒன்றரை இலட்சம் ஓடிய கார், உட்துறைமுக வீதியில் வெட்டவெளியில் நின்று எழுபதாயிரம் ஓடிய காரை விட உடலால் நல்லதாக இருக்க இடமுண்டு.

அபிப்பிராயத்தை எண்ணாக்கும் முறை

சில முறை மட்டுமே பறந்த ரொக்கெட்டின் நம்பகத்தன்மையைக் கணிக்க ஓர் எளிய வாய்பாடு உண்டு. வெற்றிகளோடு 1 கூட்டுங்கள். மொத்த முயற்சிகளோடு 2 கூட்டுங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். ஃபல்கன் 1 ஐந்து முறை பறந்தது, இரண்டு முறை தேறியது. கணக்கு 3/7, அதாவது 43 வீதம். ஹைதராபாத்தின் ஸ்கைரூட் 2022 நவம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய விக்ரம்-எஸ், இந்தியாவின் முதல் தனியார் ரொக்கெட், முதல் முறையே தேறியது. அதன் கணக்கு 2/3; 67 வீதம். ஒன்றுக்கு ஒன்று தேறினாலும் நூறு வீதம் என்று யாரும் எழுதமாட்டார்கள்.

இப்போது உங்கள் மச்சான் ஓடும் ஒரேயொரு அக்வா எட்டு வருடம் பழுதில்லாமல் ஓடியிருந்தால் அதன் பெறுமதியும் அதே 2/3தான். இருபது பேரைக் கேட்டு, பதினெட்டுப் பேர் ஹைபிரிட் பற்றரி மாற்றவில்லை என்று சொன்னால் 19/22, 86 வீதம். இது பேசத்தக்க எண். இன்னொரு கணக்கும் கைவசம் இருக்கட்டும்: முப்பது பேரில் ஒருவருக்குக்கூட அந்தப் பழுது வரவில்லை என்றாலும், உண்மையில் பத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு அது இருக்கக்கூடும். மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் எல்லை வரும்.

கேட்கும் விதம் முக்கியம். "கார் எப்படி அண்ணை?" என்றால் "நல்ல கார்" என்றே பதில் வரும், தன் காரை யாரும் தூற்றமாட்டார். இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: எந்த வருடம், எந்தச் செசி இலக்கத் தொடக்கம், இப்போது மீற்றர் எவ்வளவு, எது பழுதானது, எந்த மீற்றரில், எதைப் போட்டு மாற்றினார், புதிதா கழற்றியதா, இரவில் எங்கே நிற்கிறது. செசித் தொடக்கத்தை விடாமல் கேளுங்கள். "ஃபிட் ஹைபிரிட்" என்ற ஒரே பெயரில் ஜிபி1, ஜிபி5 என்று கியர்ப்பெட்டியே வேறான இரண்டு கார்கள் ஓடுகின்றன. ஒன்றின் குறையை மற்றதில் ஏற்றிச் சொல்பவர்கள் ஏராளம்.

ஹயர் ஓடுபவர்களைக் கேட்பது நல்லது, அவர்களுக்கு மீற்றர் மனப்பாடம். ஆனால் கொழும்புக்கு 260 கிலோமீற்றர் ஒரே மூச்சில் ஓடும் எஞ்சின் சூடாறாமல் ஓடுகிறது. பள்ளிக்கூடம், சந்தை, கோயில் என்று ஒன்றிரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடி நிறுத்தும் காருக்கு ஒயில் சூடேறவே நேரமில்லை. ஒரே ஒரு இலட்சம் கிலோமீற்றர், இரண்டு வேறு தேய்மானம். இதையும் பட்டியலில் ஒரு குறியாகப் போடுங்கள்.

வெளிநாட்டுத் தரப்படுத்தல்களை நம்பலாமா என்று கேட்பார்கள். ஜே.டி. பவர் மூன்று வருடப் பழைய கார்களில் நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுகிறது. திரை உறைவதும் எஞ்சின் நிற்பதும் அங்கே ஒவ்வொரு குறைதான். பத்து வயதுக் காரைக் கடற்கரையில் வைத்திருப்பவருக்கு அது பாதிப் பதில். எந்தப் பாகத்தில் குறை வருகிறது என்ற பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தப் புள்ளியை விடுங்கள்.

புது வடிவமைப்பின் முதல் வருடத்தை விலக்குவது எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள விதி. ஃபல்கன் 1 மூன்று முறை விழுந்தது, மூன்றும் வேறு வேறு காரணம். மூன்றாவது முறை, 2008 ஓகஸ்டில், முதற் கட்டம் கழன்ற பிறகும் மிச்ச உந்துவிசையில் முன்னேறி மேற்கட்டத்தில் மோதியது. கழலும் நேர இடைவெளியைக் கூட்டினார்கள். செப்ரெம்பர் 28 அன்று அதே ரொக்கெட் வகை சுற்றுப்பாதைக்குப் போனது. இனி ஹொண்டாவைப் பாருங்கள். மூன்றாம் தலைமுறை ஃபிட் 2013 செப்ரெம்பரில் ஜப்பானில் வந்தது. அதன் ஹைபிரிட், கியர்ப்பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருள் உட்படப் பல காரணங்களுக்காக, சுமார் ஒரு வருடத்துக்குள் ஐந்து முறை திருப்பியழைக்கப்பட்டது. கம்பனித் தலைவர்கள் தங்கள் சம்பளத்தையே குறைத்துக்கொண்டார்கள். ஆகவே "ஜிபி5 கூடாது" என்பது சரியான தீர்ப்பல்ல. 2013, 2014 தயாரிப்பா, திருத்தம் செய்யப்பட்டதா, கியர் ஒயில் எப்போது மாறியது என்பதே கேள்வி.

கடுதாசியும் செசி இலக்கமும்

பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா, செசியில் பொறித்த இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதைப் பாருங்கள். 'ஓபின் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவத்தோடு தந்தால் வேண்டாம். இது எல்லோருக்கும் தெரிந்தது.

பலர் செய்யாதது: ஜப்பான் கார் என்றால் செசி இலக்கத்தைத் தயாரிப்பாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் திருப்பியழைப்புப் பகுதியில் போட்டுப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் கைபேசி மொழிபெயர்ப்புப் போதும். இதில் ஒன்றைக் கட்டாயம் தேடுங்கள்: தக்காட்டா கம்பனியின் எயார்பேக். அதன் பை ஊதுவது அமோனியம் நைத்திரேற் என்ற எரிமருந்தால். அதுவும் ஒரு சின்னத் திண்ம ரொக்கெட் மாதிரித்தான். வருடக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் அந்த மருந்து சிதைந்து, எரிய வேண்டிய வேகத்தை விட வேகமாக எரிந்து, உலோகக் குப்பியையே வெடிக்கவைத்துத் துண்டுகளை முகத்தில் எறியும். வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில்தான் ஆபத்து அதிகம், திருகோணமலை அப்படிப்பட்ட ஊர். மாற்றாத எயார்பேக் இருந்தால் அதை மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டு, வாங்கியதும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். கழற்றிய காரிலிருந்து எடுத்த எயார்பேக்கைப் போடவே கூடாது.

ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையைக் குறித்த ஏலத் தாள் இருந்தால் படம் வரைந்த பகுதியைப் பாருங்கள். 'எஸ்' என்றால் கறள், 'சி' என்றால் அரிப்பு, 'டபிள்யூ' என்றால் தட்டித் திருத்திய அலை, 'எக்ஸ்எக்ஸ்' என்றால் மாற்றிய தகடு. தரம் 'ஆர்' என்றால் திருத்திய விபத்து வண்டி. இங்கே வந்து பத்து வருடம் உப்புக் குடித்த காருக்கு ஜப்பானில் இருந்த 'எஸ்'தான் இன்று ஓட்டையாகியிருக்கும். எனவே அந்த இடத்தைத் தேடிப் போய்த் தட்டுங்கள்.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியவை

சேர்விஸ் நிலையத்தில் காரை உயர்த்திப் பார்க்க அரைமணி நேரத்துக்குக் கேளுங்கள். ஜக்கில் மட்டும் நிற்கும் காருக்கடியில் போகாதீர்கள். ரோர்ச், மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தம், ஒரு ஸ்குறூட்றைவர், மல்ரிமீற்றர் போதும்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியை ஸ்குறூட்றைவரின் பிடியால் பின்சில்லு வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகடு 'டங்' என்று பதில் சொல்லும். உள்ளே கறள் பிடித்தது 'தப்' என்று அமுங்கும். காந்தம் ஒட்டாத இடம் புட்டி போட்ட இடம். ஜக் வைக்கும் இடம் நசுங்கியிருந்தால் அது ஜக்கால் மட்டும் நசுங்கியதல்ல, தகடும் மெலிந்துவிட்டது. பின்சில்லு வளைவின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். பொருமல் தட்டுப்பட்டால் உள்ளிருந்து கறள் வெளியே வருகிறது.

அடுத்தது பிரேக் குழாய்கள். இரும்புக் குழாய் தரைத்தகட்டின் ஓரமாக ஓடிப் பின் அச்சுக்கு மேலே வளையும் இடத்தில், அதைப் பிடிக்கும் பிளாஸ்ரிக் கவ்வியைப் பாருங்கள். கவ்விக்குள் மணலும் உப்பும் தங்கும். வெளியில் பச்சைப் பூச்சு மின்னும், கவ்வியை நீக்கினால் உள்ளே குழாய் சொரசொரப்பாகச் செதில் உதிர்க்கும். நகத்தால் சுரண்டச் செதில் வந்தால் அந்தக் குழாய் அவசரமாக மிதிக்கும் நாளில் வெடிக்கும். ஒரு பக்கம் அப்படி என்றால் மற்றப் பக்கமும் அப்படியே, இரண்டையும் மாற்றும் செலவைக் கணக்கிடுங்கள். டிஸ்க்கில் இரவோடிரவாகப் படியும் மஞ்சள் கறள் குற்றமில்லை. நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

பிறகு எஞ்சினைத் தாங்கும் சட்டம், ஷொக் அப்சோபரின் ஸ்பிரிங் குந்தும் தட்டு, பெற்றோல் ஊற்றும் குழாயின் கழுத்து. ஸ்பிரிங் தட்டில் விளிம்பு தின்னப்பட்டிருந்தால் ஒருநாள் ஸ்பிரிங் இறங்கி ரயரைக் கிழிக்கும்.

அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கறளைச் சுரண்டாமல் மேலே அடித்த தடித்த பூச்சு, உப்பையும் ஈரத்தையும் உள்ளே பூட்டிவைக்கிறது. ஆறு மாதத்தில் பூச்சோடு சேர்ந்து தகடும் கழன்று வரும். விற்பனைக்கு முன் அடித்த பூச்சு என்று தெரிந்தால், விற்பவரின் சம்மதத்தோடு இரண்டு இடத்தில் சுரண்டிப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் அதுவே பதில்.

பொனட்டைத் திறந்து, பற்றரியின் கழிவு (மைனஸ்) கம்பி உடம்பில் பூட்டும் இடத்தைப் பாருங்கள். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அங்கே மின்தடை கூடியிருக்கிறது. முன்விளக்கு, ஏசி விசிறி, பின்கண்ணாடி வெப்பமூட்டி எல்லாம் போட்டு, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் கழிவு முனையிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் இணைப்புக் கெட்டது. கடலோரக் கார்களில் 'கொம்பியூட்டர் போச்சு' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பல பழுதுகள் இந்த ஒரு போல்ட்டைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினால் தீர்ந்துவிடும்.

ஏசி கண்டென்சரின் மெல்லிய அலுமினிய இதழ்களை விரலால் மெதுவாகத் தொடுங்கள். மாவாக உதிர்ந்தால் புதிது வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினும் ஸ்கானரும்

காலை ஏழு மணிக்கு, நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிப் போங்கள். போனதும் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். முதல் ஸ்டார்ட்டில் குலுங்குவது, நீலப்புகை, செயின் உரசும் சத்தம் எல்லாம் குளிரில் மட்டுமே தெரியும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் காலையில் முதல் தடவை எஞ்சின் பிடிக்கும்போது சில விநாடி பலமாக உலுப்பினால், ஹெட் காஸ்கெட் வழியாக இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்திருக்கலாம். கூலன்ட் மட்டத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். நிறமில்லாத தண்ணீராக இருந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருக்கக்கூடும். நம் கரையோரக் கிணறுகளின் உவர் அலுமினியத்தை அரித்து ரேடியேற்றரில் உப்புக் கட்டும்.

ஈஎல்எம்327 வகை ஸ்கானரைக் கைபேசியோடு இணைத்தால், பழுதுக் குறிகளைப் பார்ப்பதற்கு முன் வேறொன்றைப் பாருங்கள்: 'குறிகள் அழித்த பின் ஓடிய தூரம்'. அது 12 கிலோமீற்றர் என்று காட்டினால், உங்களுக்குக் காட்டுவதற்காகவே நேற்று அழித்திருக்கிறார்கள். பழுதுக் குறி இல்லாதது அங்கே எதையும் நிரூபிக்காது. சில பழைய ஜப்பான் உள்நாட்டுக் கார்கள் இந்த ஸ்கானரோடு பேசாது. அதற்குக் கராச்சின் பெரிய ஸ்கானர் வேண்டும்.

முதல் தலைமுறை அக்வாவின் நிக்கல் பற்றரியில் 20 மொட்யூல், மொத்தம் 144 வோல்ட். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28, 201.6 வோல்ட். எல்லாம் தொடராகக் கோத்தவை, ஒன்று நொண்டினால் முழுச் சங்கிலியும் நொண்டும். 'டொக்டர் பிரியஸ்' போன்ற செயலி ஒவ்வொரு கட்டின் (சேர்த்து அளக்கும் மொட்யூல்களின்) வோல்ட்டையும் காட்டும். சும்மா நிற்கும்போது எல்லாக் கட்டுகளும் 0.3 வோல்ட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் பலமாக மிதிக்கும்போது ஒரு கட்டு மட்டும் மற்றவற்றை விட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அதன் காலம் முடிகிறது. பி0ஏ80 என்ற குறி வந்திருந்தால் பற்றரிச் செலவு நிச்சயம். 'ஒரு மொட்யூல் மட்டும் மாற்றிச் சரிசெய்தது' என்றால் மகிழ வேண்டாம். பழைய பத்தொன்பதும் அதே வயதுதான், அடுத்தது பின்னாலேயே வரும். பின் இருக்கையோடு ஒட்டிய காற்றுத் துவாரத்தில் கையை விட்டுப் பாருங்கள். கடற்கரை மணலும் கச்சான் தூசியும் அடைத்து விசிறி திணறினால், பற்றரி வெந்துதான் கெட்டிருக்கும்.

இதே கார்களில் பிரேக் அழுத்தும் பம்பைக் கவனியுங்கள். 'ரெடி' விளக்கு வந்த பிறகு காலை எடுத்துவிட்டு, ஏசி, ரேடியோ நிறுத்தி, இரண்டு நிமிடம் காது கொடுங்கள். பெடலைத் தொடாமலே சில விநாடிக்கொரு முறை 'விர்ர்' என்று ஓடினால் உள்ளே அழுத்தம் கசிகிறது. சி1391 என்ற குறி பின்னால் வரும். அந்தப் பாகம் விலை கூடியது, பழுது பிரேக்கில்.

ஓடிப் பார்க்கும் பாதை

ஒரே நேர் வீதியில் ஓடிப் பார்த்துத் திரும்புவது பயனில்லை. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, மெதுவாக மறுபடி ஏறுங்கள். இரட்டைக் கிளட்ச் பெட்டியும் தேய்ந்த சிவிடியும் (பெல்ட்டில் ஓடும் கியர்ப்பெட்டி) அங்கேதான் வெட்டி வெட்டி இழுக்கும். ரிவேர்சிலும் அதே ஏற்றத்தில் ஏறுங்கள். பிறகு நகரின் நெரிசலில் இருபது நிமிடம் ஏசியோடு ஊருங்கள். கடைசியாகச் சீனன்குடா தாண்டிக் கந்தளாய்ப் பக்கமாக எண்பதில் அரைமணி. கூலன்ட் வெப்பம் 80 முதல் 95 பாகைக்குள் அசையாமல் நிற்க வேண்டும். திரும்பி வந்து சூடோடு எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கள்.

நிறுத்தும் பட்டியல்

ரொக்கெட் ஏவுவோர் எந்த அறிகுறி வந்தால் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். ஏவுமுன் இறங்கு எண்ணிக்கை ஓடும்போது வாதாட இடமில்லை. சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் தன் ரொக்கெட்டைப் பலமுறை கடைசி நேரத்தில் நிறுத்தி, 2024 மே 30 அன்றுதான் பறக்கவிட்டது. நிறுத்திய நாட்களில் எதுவும் இழக்கவில்லை.

நீங்களும் வீட்டிலேயே எழுதுங்கள், பார்க்கப் போகாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள். இலக்கம் ஒத்துப்போகாமை, குறிகள் அழித்து ஐம்பது கிலோமீற்றருக்குள் என்று காட்டுவது, எஞ்சின் முன்பே சூடாக்கியிருப்பது, பெட்டிப் பகுதியில் அல்லது ஸ்பிரிங் தட்டில் ஓட்டை, கூலன்ட்டில் ஒயில், உயர்த்திப் பார்க்க மறுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று முற்பணம் இல்லை. மற்றதெல்லாம் விலை பேசக்கூடியவை.

வாங்கிய பிறகு

வாடைக் காலத்தில் இரண்டு கிழமைக்கொரு முறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர், கிணற்று உவர் அல்ல. கதவின் அடியிலும் பெட்டிப் பகுதியின் அடியிலும் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். மணல் அடைத்திருந்தால் ஈர்க்கிலால் குத்தித் திறந்துவிடுங்கள். பெட்டிக்குள் மெழுகு விசிறும் வேலையை ஆடி, ஆவணியில், எல்லாம் காய்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் ஈரம் உள்ளேயே இருக்கும். தேய்த்துச் சுத்தமாக்கிய மின் இணைப்புகளில் மெல்லிதாக வஸ்லின் பூசுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபல்கன் 1இன் அலுமினிய நட்டுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் நட்டுப் போட்டார்கள், உண்மை. அதைப் போலவே கறள் பிடிக்காது என்று காரின் கீழ்க்கை, பிரேக் கலிப்பர் போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள். போல்ட் தலையில் 8.8 என்றிருந்தால் அது சுமார் 800 மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்கும், 10.9 சுமார் 1000. கடையில் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 700தான். அலுமினியத்தோடு உப்பீரத்தில் சேர்ந்தால் ஸ்டெயின்லெஸ் அலுமினியத்தையும் வேகமாகத் தின்னவைக்கும். 2015 ஜூன் 28 அன்று ஸ்பேஸ்எக்ஸின் ஃபல்கன் 9 ரொக்கெட் ஒன்று வானில் சிதறியதற்கும், மேற்கட்டத் தாங்கிக்குள் ஹீலியம் குப்பியைப் பிடித்த ஒரு தாங்குகம்பி, தாங்க வேண்டிய சுமையில் சிறு பங்கிலேயே முறிந்ததுதான் காரணம் என்று அந்தக் கம்பனியே சொன்னது. விண்வெளித் தரமில்லாத, சாதாரணத் தொழிற்சாலைத் தரப் பாகத்தைப் போதிய சோதனையின்றிப் போட்டதை நாசாவின் தனி ஆய்வும் குற்றமாகக் கண்டது. போல் ஜொயின்ற், ரை ரொட் எண்ட், பிரேக் போல்ட் வாங்கும்போது விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள். தலையில் தர எண் இல்லாத போல்ட்டை வாங்கவே வேண்டாம்.

கியர் ஒயிலும் அப்படித்தான். சுசுக்கியின் சிவிடிக்குச் சொன்னதை ஹொண்டாவுக்கு ஊற்ற முடியாது. கராச்சில் 'எல்லாம் ஒன்றுதான்' என்றால் புத்தகத்தில் எழுதிய பெயரைக் காட்டி, உடைக்காத தகரத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

ஒரு கொப்பி காருக்குள்ளேயே இருக்கட்டும். எழுதும் வரி இப்படி இருந்தால் போதும்: திகதி, மீற்றர் 1,12,400, இடது முன் ரை ரொட் எண்ட், ஆட்டம், ரப்பர் கிழிந்து மணல் புகுந்தது, புதிது, கம்பனிப் பாகம், வலதும் பார்த்தது, நல்லம். 'காரணம்' என்ற இடத்தை மெக்கானிக்கிடம் கேட்டு நிரப்பிய பிறகே காசு கொடுங்கள். கழற்றிய பாகத்தையும் கையில் வாங்கி, ரப்பரைப் பிதுக்கி உள்ளே மணல் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.